லாத்தா கொண்டுவந்த சீல் தோல்

மழை விடாமல் பிடித்துக்கொள்கிற நாட்களில் எனக்கு ஒரே ஒருவரைப் பார்க்க வேண்டும்போல இருக்கும். வீட்டுக்காரரையோ பிள்ளைகளையோ அல்ல; அவர்கள் வாஷி வீட்டுக் கூடத்தில் என் கண்முன்னாலேயே டீவி பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். நான் தேடுவது பனிக்கடல் ஓரத்தில் இருக்கிற ஒரு பெண்ணை. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ஒன்பது நாள் அவர் செம்பூரில் தங்கியிருந்தார். அந்த ஒன்பது நாளும் நான் அவர் கூடவே இருந்தேன். ஒன்பது நாள் பழக்கத்துக்கு இவ்வளவு ஏக்கமா என்று என் மகள் கேட்பாள். ஆமாம் போ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தின் மாடியில், குடிசைவாசிகளுக்காகப் பேசுகிற ஒரு சிறிய சங்கத்தில் டைப்பிஸ்ட் வேலை. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்பதாலும், தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எனக்கு வாய் நீளம் என்பதாலும் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. முனிசிபாலிட்டி ஆட்கள் வந்தால் நான். வெளிநாட்டிலிருந்து யாராவது எங்களைப் ‘பார்க்க’ வந்தால் நான். என் வழியாக அல்லாமல் ஒரு பேச்சும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருஷம் பல நாடுகளிலிருந்து சின்னச் சின்னச் சங்கங்கள் செம்பூரில் கூடின. ஒரு நிலத்தில் காலங்காலமாக இருக்கிறவர்களைக் கேட்காமலே அந்த நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசுவதற்கு. விருந்தாளிகள் பட்டியலை நான் டைப் செய்துகொண்டிருந்தபோது எங்கள் செயலாளர் பின்னால் வந்து நின்றார். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிற குடும்பம். நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் பதறுவார்.

“இனுயிட்னு போட்டிருக்கே, யாரும்மா அவா?”

“எஸ்கிமோ சார். ஸ்கூல் புக்ல வருமே, பனிக்கட்டி வீடு.”

“ஐயையோ! நம்ம ஊர் புழுக்கத்த எப்படித் தாங்குவா? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ரசஞ்சாதம் எறங்குமோ?”

“நான் பாத்துக்கிடுதேன் சார், நீங்க கவலையை விடுங்க” என்றேன்.

விமான நிலையத்தில் நான் எதிர்பார்த்து நின்றது கம்பளி உடுப்பில் ஒரு ஆளை. வந்தவர் பருத்திச் சட்டை போட்டு, ஒற்றைப் பின்னல் பின்னி, மூக்குக் கண்ணாடி அணிந்த நாற்பது வயதுப் பெண். டாக்ஸிக்காரர் அவரை நேபாளி என்று நினைத்து இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் முந்திக்கொண்டு, ‘எஸ்கிமோக்கள் எல்லாரும்’ என்று ஏதோ ஒரு கேள்வியைத் தொடங்கினேன். அவர் கோபப்படாமல் என்னைத் திருத்தினார்.

“அது மற்றவர்கள் எங்களுக்கு வைத்த பெயர். நாங்கள் எங்களை இனுயிட் என்போம். மனிதர்கள் என்று அர்த்தம்.”

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்த நேரம் பார்த்து டாக்ஸிக்காரர் என் பக்கம் திரும்பி, “மதராஸி ஹோ க்யா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. மதராஸை நான் பார்த்ததுகூட இல்லை, எங்கள் ஊர் திருநெல்வேலி, அதுவும் வாப்பாவோட ஊர், நான் பம்பாய்க்காரி என்று இந்தியில் பொரிந்து தள்ளினேன். என்ன சண்டை என்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். சயான் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்போம், அப்படிக் கூப்பிடட்டுமா என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. நான்கு அண்ணன்மார்களுக்குப் பிறகு பிறந்தவள் நான். வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை.

சாப்பாட்டுப் பிரச்சினையை உம்மா தீர்த்துவைத்தாள். தினமும் தூக்குச்சட்டியில் மீன் பொரித்துக் கொடுத்துவிடுவாள். ஒரு நாள் கூடவே கருவாடும் வைத்திருந்தாள். லாத்தா அதைச் சோறில்லாமல், கையில் எடுத்துப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். தங்கள் ஊரிலும் மீனைக் காற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பார்களாம். வாடை பொறுக்காமல் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். “பாவம், அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்று லாத்தா என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் தங்கியிருந்த விடுதியின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் டிராம்பே சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியில் தீ எரிவது தெரியும். மழை கொஞ்சம் விட்ட சாயங்காலங்களில் நாங்கள் அங்கே போய் நிற்போம். அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டுதான் தன் சங்கத்தைப் பற்றி அவர் சொன்னார். அவர்களுடைய சனங்கள் ஒரே மொழி, ஒரே வேட்டை, ஒரே கடல். ஆனால் நிலப்படத்தில் வெவ்வேறு நாடுகளாகக் கிடக்கிறார்கள். அவர்களுடைய கடலுக்கு அடியில் எண்ணெய் தேட ஆட்கள் வருகிறார்கள். பனியை உடைத்துக்கொண்டு கப்பல் விட வருகிறார்கள். எல்லா முடிவையும் ஆயிரம் மைலுக்கு அப்பால் தலைநகரத்தில் எடுக்கிறார்கள். அதனால் எல்லா நாட்டு இனுயிட்டும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். லாபம் கிடையாது, ஆயுதம் கிடையாது.

“அப்படியானால் உங்கள் சங்கம் என்னதான் செய்யும்?” என்று கேட்டேன். எனக்கு எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

“கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்திருப்போம்” என்றார். “எங்களைப் பற்றிப் பேசுகிற அறையில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் இல்லாவிட்டால் எங்களுக்குப் பதிலாக அவர்களே பேசிவிடுவார்கள். நல்லவர்களும்தான்.”

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் குடிசைகளைப் பற்றி எத்தனை அறைகளில் எங்களை விட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று நானும் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்டார். பிறகு என்ன ஆயிற்று, நீ என்ன சொன்னாய், அதற்கு உனக்கு என்ன தோன்றியது என்று. எனக்கு என்ன தோன்றியது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மற்றவர்களுக்குத் தோன்றியதைத்தான் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாடியை விட்டு இறங்கவே எனக்கு மனம் வராது.

மூன்றாம் நாள் அவர் பையைத் திறந்து அந்தத் தோலைக் காட்டினார். சீல் என்கிற கடல்மிருகத்தின் தோல். கட்டில் அகலம்கூட இராது. சாம்பல் நிற முடி, மேலே வெளிர் வளையம் வளையமாக. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் பட்டு. மாற்றித் தடவினால் உள்ளங்கையைக் குத்தும். அது அவருடைய அம்மா பிறைக்கத்தியால் கொழுப்பைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, குளிர்காற்றில் காயவைத்த தோல். அதை முடித்த குளிர்காலத்திலேயே அம்மா போய்விட்டார். ஏழு வயது மகள் வீட்டில் இருக்கிறாள். திரும்பிப் போனதும் அவளுக்குப் பனிக்காலக் காலணி இதில் தைக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் கூட்டத்தில் இதைத் தூக்கிக் காட்டிப் பேச வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுமந்து வந்திருந்தார்.

பேச வேண்டிய விஷயமும் அந்தத் தோல்தான். ஐரோப்பாவில் சீல் குட்டிகளைக் கொல்கிற படங்களைப் பார்த்து சனங்கள் கண்ணீர் விட்டார்கள். குட்டித்தோல் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். இனுயிட் வேட்டையாடியது குட்டிகளை அல்ல. ஆனால் சந்தையே படுத்துவிட்டது. எந்தத் தோலையும் தொட ஆள் இல்லை. கடலை நம்பியிருந்த ஊர்கள் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்துவிட்டன. “அவர்கள் கெட்டவர்கள் இல்லை” என்றார் லாத்தா. “இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.” எனக்கு ஐரோப்பாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஐந்தாம் நாள் காலை நான் போனபோது அவர் தோலை மேஜைமேல் விரித்துவைத்துக் கவலையோடு நின்றிருந்தார். மழை ஈரம் ஏறி அது துவண்டு போயிருந்தது. ஓரத்தில் பூசணம். அறையெல்லாம் வாடை. அவர் ஊர்க் குளிரில் வருஷக்கணக்கில் கெடாதது, எங்கள் ஊரில் ஐந்து நாளில் கெடப் பார்த்தது.

“எங்கள் வாப்பா தோல்காரர்தான்” என்றேன். “முப்பது வருஷமாகத் தோல் பதனிடுகிறார். தாராவியில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கொடுங்கள், சரிசெய்து தந்துவிடுவார்.”

லாத்தா தயங்கினார். “காயவைத்தால் போதும். வேறொன்றும் வேண்டாம். கூட நானும் வரட்டுமா?” என்று கேட்டார்.

அன்று காலை அவருக்குக் கூட்டம் இருந்தது. தவிர, சுண்ணாம்புத் தண்ணீர் ஓடுகிற எங்கள் சந்தில் அவரைக் கூட்டிப் போக எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தோலை ஒரு துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டேன்.

வாப்பாவின் கொட்டகையில் அன்றைக்கு லாரி வந்திருந்தது. உப்புப் போட்ட ஆட்டுத்தோல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே கூச்சல்.

“வாப்பா, இது நம்ம ஆபீசு விருந்தாளி தோலு. ஈரம் ஏறிருச்சு. கெடாமப் பாத்துக்கிடுங்க. மூணு நாள்ல வேணும்” என்றேன்.

வாப்பா ஒரு மூலையை விரலால் நெருடிப் பார்த்தார். “பச்சைத் தோலுல்லா இது! இன்னும் ஒரு வேலையும் செய்யலையே. இதை எப்படிம்மா கப்பல் ஏத்துனாங்க?”

“பிளேன்ல வாப்பா. நல்லாச் செய்யிங்க, பெரிய எடம். மேடையில தூக்கிக் காட்டப்போற தோலு.”

“சரி புள்ள, வச்சிட்டுப் போ.”

டைப் செய்ய வேண்டிய தாள்கள் காத்துக் கிடந்தன. நான் ஓடி வந்துவிட்டேன். ‘காயவைத்தால் போதும்’ என்று லாத்தா சொன்னதை நான் சொல்லவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். சொல்ல வேண்டிய விஷயம் என்றே படவில்லை. தோலைப் பற்றி வாப்பாவுக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

தோல்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் தொழிலில் முடியோடு இருக்கிற தோல், வேலை தொடங்காத தோல். முதலில் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். பிறகு உள்பக்கம் சுண்ணாம்புக் கலவையைப் பூசி மடித்து வைப்பார்கள். வேர் இளகியதும் மழுங்கின கத்தியால் முடியை வழித்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் அது தோல். அதுவரை செத்த ஆடுதான். நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறேன். லாத்தாவின் தோலை அத்தனை தடவை தடவிப் பார்த்தவள், அந்த முடிதான் அந்தத் தோல் என்று கண்ணால் கண்டவள், கொட்டகைக்குள் நுழைந்ததும் பழையபடி தோல்காரர் மகளாகிவிட்டேன்.

எட்டாம் நாள் லாத்தா பேச வேண்டிய நாள். காலையில் கொட்டகைக்குப் போனேன். வாப்பா கையைக் கழுவிவிட்டு உள்ளேயிருந்து எடுத்துவந்தார். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார். விரித்தார்.

“மாலு ஏக்தம் பக்கா. சரக்குல ஒரு குத்தம் சொல்ல முடியாது, பாத்துக்கோ” என்றார்.

வெளிர் மஞ்சளாய், வழுவழுப்பாய், ஒரு முடிகூட இல்லாமல் இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கத்தித் தடம் இல்லை. எண்ணெய் காட்டி நிழலில் உலர்த்தியிருந்தார். சாம்பல் நிறமும் இல்லை, வளையமும் இல்லை.

“என்னா நெய்ப்புங்கிற! முடி லேசுல வரல. வேலைக்காரன் எவனையும் தொடவிடல, நானே உக்காந்து எடுத்தேன்” என்றார் வாப்பா. “கூலி கீலின்னு பேசக்கூடாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிரு. விருந்தாளி.”

நான் கத்தியிருக்க வேண்டும். என்ன காரியம் செய்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருடைய முப்பது வருஷத் தொழிலில் என் ஆபீசிலிருந்து, என் உலகத்திலிருந்து, அவருக்கு வந்த முதல் வேலை அது. “நல்லாருக்கு வாப்பா” என்றேன்.

“இதைத்தான் மேடையில தூக்கிக் காட்டுவாங்களா? அப்ப நானும் வாரேன். நம்ம ஆளுகளுக்குப் பஸ்ஸு விடுதாங்கல்லா” என்றார்.

செம்பூர் போகும்வரை ரயிலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மூன்று மொழி வாயால் கெட்டவள். கடைசியில் பொய் சொல்லத் துணிச்சல் வரவில்லை. விடுதி வராந்தாவில் துணியைப் பிரித்து லாத்தாவின் மடியில் வைத்தேன்.

அவர் உள்ளங்கையைத் தோலின் தலைப்பக்கம் வைத்து வால்பக்கம் தடவினார். பிறகு மாற்றித் தடவினார். குத்துவதற்கு ஒன்றும் இல்லை.

“காயவைத்தால் போதும் என்று நான் சொன்னேன், இல்லையா?”

“சொன்னீர்கள்.”

“அதை அவரிடம் சொன்னாயா?”

“இல்லை லாத்தா.”

அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, நேரமாகிறது வா என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மண்டபத்தில் முன்வரிசைகளில் வெளிநாட்டுக்காரர்கள். பின்னால் தாராவியிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். அவர்களுக்காக லாத்தா இங்கிலீஷில் பேசப் பேச நான் பக்கத்து மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். ஐந்தாம் வரிசையில் வாப்பா, வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக, பெருநாள் தொழுகைக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

எண்ணெய்க் கப்பல்களைப் பற்றியும், தடையைப் பற்றியும் லாத்தா சொன்னார். நான் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு தோலை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார்.

“இது என் அம்மா கடைசியாகக் காயவைத்த தோல். மூன்று நாளைக்கு முன்னால் இதில் முடி இருந்தது. இந்த ஊரில் ஒரு நல்ல மனிதர் எனக்கு உதவுவதாக நினைத்து அதை எடுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் எதற்கு இதை வைத்திருக்கிறேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் மக்களுக்கு ஐரோப்பா செய்ததும் இதுதான். அன்போடு செய்தார்கள். எங்களுக்கு மிஞ்சியது இது.”

முன்வரிசைகளில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்போது என் முறை. வாப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்க வெளியே போயிருந்தார்; அந்த மண்டபத்தில் இரண்டு பாஷையும் முழுதாகத் தெரிந்தவர் என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.

“இது அவங்க உம்மா காயவச்ச தோல்” என்றேன். “மழையில கெட்டுப்போக இருந்துச்சு. நம்ம ஊர்த் தொழிலாளி ஒருத்தர் அன்போட சுத்தம் பண்ணிக் குடுத்திருக்காங்க. அவங்களுக்கு நன்றி சொல்லுதாங்க.”

பின்வரிசைகளில் கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வாப்பாவின் முதுகில் தட்டினார்கள். லாத்தா தோலை இறக்கினார். தட்டுகிற கைகளைப் பார்த்தார், பிறகு எல்லாரும் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் வாப்பா நேராக மேடைக்கே வந்துவிட்டார். சலாம் சொன்னார். லாத்தா அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பு தின்று வெடித்த கை. அதைத் திருப்பிப் பார்த்தார். என் அம்மா கையும் இப்படித்தான் இருக்கும் என்றார். அதை நான் சொன்னேன். வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு லாத்தா மெதுவாக என்னிடம் சொன்னார்: “எடுத்த முடி எங்கே இருக்கிறது என்று இவரிடம் கேள்.”

மூன்று நாளாகக் கொட்டுகிற மழை. கொட்டகை வாய்க்கால் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முடியாவது, இருப்பதாவது என்று நானே நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்டால் வாப்பாவுக்கு எல்லாமே விளங்கிவிடும்.

“என்னம்மா சொல்லுதாங்க?” என்றார் வாப்பா.

“ரொம்ப நன்றிங்கிறாங்க வாப்பா.”

“நன்றி என்னத்துக்கு? இன்னும் தோலு இருந்தா அனுப்பச் சொல்லு. நான் செஞ்சு தாரேன்.”

நான் லாத்தாவின் பக்கம் திரும்பி, “மழைத் தண்ணீரில் போய்விட்டதாம்” என்றேன். பஸ் கிளம்பப் போகிறது என்று சொல்லி வாப்பாவை அவசரமாகக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் விமான நிலையத்தில் லாத்தா என்னைக் கட்டிப்பிடித்தார். ஊருக்கு வா, பனியைக் காட்டுகிறேன் என்றார். எப்போதும்போலத்தான் பேசினார். எனக்குத்தான் எப்போதும்போலப் பேச வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய பின்னல் மறைகிறவரை நின்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் டிராம்பே பக்கம் தீ எரிவதைப் பார்த்தால், உனக்கு என்ன தோன்றியது என்று ஒருவர் கேட்கமாட்டாரா என்று மனம் அடித்துக்கொள்ளும். கடிதம் வருமா என்று தினமும் ஆபீஸ் தபாலை நானே பிரித்தேன்.

எட்டு மாதம் கழித்து வந்தது. இரண்டு பக்கம். அந்தத் தோலில் மகளுக்குக் கோடைக்காலக் காலணி தைத்துவிட்டதாக எழுதியிருந்தார். பனி உருகித் தண்ணீராகக் கிடக்கும்போது போட அங்கேயும் முடி எடுத்த தோல்தான் நல்லதாம். தண்ணீர் உள்ளே இறங்குவதில்லையாம். உன் வாப்பாவின் வேலை சுத்தமான வேலை என்று எழுதியிருந்தார். பிறகு இப்படி எழுதியிருந்தார்:

‘என் அம்மா அந்தத் தோலைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது என் மகள் அதன் முடியில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். அவளுக்குக் கொடுக்க ஒரு பிடி கிடைக்குமா என்றுதான் கேட்கச் சொன்னேன். உன் வாப்பாவின் சிரிப்பைப் பார்த்ததும் நீ கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அவர் இடத்தில் என் அம்மா நின்றிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்குப் பதில் எழுது.’

ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். பதில் எழுத உட்கார்ந்தேன். வாப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, அதையும் சேர்த்து எழுதுவோம், அதுதான் மரியாதை என்று தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த வாப்பாவின் எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கடிதத்தையும் தமிழில் படித்தேன். இந்த முறை ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

வாப்பா தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“முடி தண்ணில போகலையே புள்ள” என்றார். “அப்படி ஒரு முடியை நான் கண்டதே இல்ல. தனியா அலசிக் காயவச்சிருந்தேன். எந்த மிருகம்னு அவங்ககிட்டக் கேக்கணும்னு அன்னைக்கு ஒரு பிடி சட்டைப் பையிலேயே வச்சிக்கிட்டு வந்தேன். நீதான் பஸ்ஸு போயிரும்னு இழுத்துட்டுப் போயிட்ட.”

“இப்ப எங்க வாப்பா?”

“பையில இருந்தது சட்டையோட தொவைக்கப் போயிருச்சு. மிச்சத்த பிரஷ் யாவாரி கேட்டான், குடுத்துட்டேன். எனக்கென்ன தெரியும்? அன்னைக்கே நீ கேட்டிருந்தா அந்த எடத்துலயே எடுத்துக் குடுத்திருப்பேனே.”

அந்தப் பதிலை நான் எழுதவில்லை. எப்படித் தொடங்கினாலும் ‘அன்றைக்கே நீ கேட்டிருந்தால்’ என்ற அந்த ஒரு வரியில் வந்து நின்றுவிடும். ஒரு வருஷம் கழித்து எழுதலாம் என்று தள்ளினேன், பிறகு கல்யாணம், பிறகு பிள்ளைகள், பிறகு எழுத முகமில்லை. அவர் மகளுக்கே இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கும். லாத்தா இருக்கிறாரோ இல்லையோ. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மன்னிப்புக்கூடக் கேட்கமாட்டேன். அதை அவர் முன்னமே கொடுத்துவிட்டார். அன்றைக்கு மேடையில் வாப்பாவின் கையை அவர் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருக்கும் அந்த முடிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை, நான்தான் நின்றிருந்தேன் என்று அவரிடம் என் வாயால் சொல்ல வேண்டும்.